மீனை ஏமாற்றலாம், பார்ப்பவரை ஏமாற்றலாமா?

"தூண்டில்காரனுக்கு மிதப்பின் மேலே கண்" என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. காமிராவைக் கையில் எடுப்பவருக்கும் அது பொருந்தும் என்பதைச் சில மாதங்களாக அனுபவத்தில் பார்த்து வருகிறேன். நம் சங்க அன்பர்களின் பிள்ளைகள் நான்கு பேர், எல்லோரும் கல்லூரி மாணவர்கள், 'ஃப்ளை ஃபிஷிங்' பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்கப் புறப்பட்டார்கள். என்னையும் 'டெக்னிகல் அட்வைசர்' என்று சேர்த்துக்கொண்டார்கள். ரயிலே ஓடாத தீவில் ஓய்வுபெற்ற ரயில்வே இன்ஜினீயருக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்குமா? எனக்குத் தெரிந்தது டிப்ளமா படிப்பும் தண்டவாளமும்தான். ஆனாலும் அளப்பது, குறித்து வைப்பது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது ஆகிய மூன்றும் எல்லாத் தொழிலுக்கும் பொது அல்லவா? அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கட்டுரையையும் எழுதத் துணிந்தேன். தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டால் அவர்களுக்கு உதவட்டும்.

ஈத்தூண்டில் என்பது என்ன?

நாம் அறிந்த தூண்டிலில் புழுவோ இறாலோ மாட்டி, ஈயக் குண்டு கட்டி வீசுகிறோம். குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளில் இரை கிடையாது. சேவலின் கழுத்து இறகு, மான் முடி, பளபளக்கும் இழை இவற்றை முள்ளின் மேல் நூலால் சுற்றிக் கட்டி, ஒரு பூச்சியைப் போலவோ குஞ்சு மீனைப் போலவோ பொம்மை செய்கிறார்கள். இதற்குத்தான் 'ஃப்ளை', அதாவது ஈ என்று பெயர். நாம் இந்த முறையை ஈத்தூண்டில் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த ஈக்குக் கனமே இல்லை. ஓர் இறகை வீசி எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்? ஆகவே இங்கே கனம் முழுவதும் கயிற்றில் இருக்கிறது. கோலைப் பின்னால் கொண்டுபோய்ச் சற்று நிறுத்தி, கயிறு முழுவதும் பின்பக்கம் நீண்ட பிறகு முன்னால் செலுத்துகிறார்கள். கோல் வில்லைப் போல் வளைந்து, நிமிரும்போது தன்னிடம் சேர்ந்த சக்தியைக் கயிற்றுக்குக் கொடுக்கிறது. கயிறு ஒரு வளையமாகச் சுருண்டு, காற்றில் உருண்டு, கடைசியில் ஈயை மெல்லத் தண்ணீரில் வைக்கிறது. லீஃப் ஸ்பிரிங் பார்த்த கண்ணுக்கு இது புதிதல்ல.

இதற்கென ஓர் அளவு முறையும் இருக்கிறது. கயிற்றின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து எண் கொடுக்கிறார்கள். 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். அது ஆற்று மீனுக்கு. 12-ஆம் எண் கயிறு 380 கிரெயின், சுமார் 24.6 கிராம். அது நம் கடலின் பெரும் பாரை போன்ற மீனுக்கு. கோலும் அதே எண்ணில் இருக்க வேண்டும். எண் தப்பினால் கோல் வளையாது, அல்லது அளவுக்கு மேல் வளையும்.

இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த புது விளையாட்டு என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெதோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்கள் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி சுற்றி, இரண்டு சேவல் இறகைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். வயிற்றுக்காகப் பிடித்தவர்கள் அவர்கள். பொழுதுபோக்கு என்ற பெயர் வந்ததெல்லாம் பிற்காலத்தில்.

நம் தேசத்தில் இதன் கதை

சென்னை மாகாணத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற அதிகாரி 1873-இல் 'தி ராட் இன் இண்டியா' என்று இந்தியத் தூண்டில் முறைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க 1860-களில் பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார். அது உடனே கைகூடவில்லை. 1907-இல் ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகே வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. மூணாறு மலைத் தோட்டங்களிலும் இதே மீனை விட்டு வளர்த்தார்கள். ஆற்று ஈத்தூண்டிலுக்கு இந்தியாவில் இவை பழைய இடங்கள்.

நம் சொந்த மீனான மஷீர் என்னும் பெருங்கெண்டையின் கதை வேறு. 1946-இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு மஷீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். காவிரிப் படுகையின் அந்தத் திமில் மஷீருக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரு மீனின் பெயரை நாம் தெரிந்துகொள்வதற்குள் மீன் போய்விடும் நிலை வந்துவிட்டது.

அந்தமானுக்கு வருவோம். இங்கே டிரவுட் கிடையாது. பவளப்பாறை விளிம்பில் திரியும் பெரும் பாரைதான் தூண்டில் ரசிகர்களை உலகமெங்கும் இருந்து இழுக்கிறது. உலகச் சாதனை மீன் 2006-இல் ஜப்பானில் பிடிபட்டது, 72.8 கிலோ. ஓர் ஆளின் எடை! சீலா, களவா, சூரை எல்லாமும் ஈக்கு வரும். மடவைக் குஞ்சு போலவும் சாளை போலவும் கட்டிய ஒரு சாண் நீள ஈ இதற்கு வேண்டும்.

படம் எடுத்தவர்கள் செய்தது என்ன?

எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்த வேலை, பழைய படங்களைப் பற்றிப் படிப்பது. கொட்டகையில் பெரிய படத்துக்கு முன் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1948-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2022-இல் என்.எஃப்.டி.சி.யோடு இணைந்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வாசனையே தெரியாது.

டாக்குமெண்டரி என்ற சொல்லைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிரியர்சன். 1926-இல் ஒரு பட விமர்சனத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். அவர் தாமே இயக்கிய 'டிரிஃப்டர்ஸ்' 1929-இல் வெளிவந்தது. வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் தொழிலாளர்களைப் பற்றிய மௌனப் படம் அது. ஆக, ஆவணப்படத்துக்கும் மீன்பிடிப்புக்கும் உள்ள உறவு ஆரம்ப நாள் தொட்டு இருந்து வருவது. அந்தப் படத்தில் நீருக்கடியில் பெரிய மீன்கள் திரியும் காட்சி, நடுக்கடலில் எடுத்ததல்ல; பிளிமத் ஆராய்ச்சி நிலையத்துத் தொட்டியில் எடுத்தது. அன்றைய காமிராவைக் கடலுக்குள் இறக்க வழியில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம்.

அடுத்தது ராபர்ட் ஃப்ளாகர்ட்டி 1934-இல் எடுத்த 'மேன் ஆஃப் அரான்'. அயர்லாந்துக்கு மேற்கேயுள்ள அரான் தீவு மக்கள் சிறு படகில் போய்ப் பெரும் சுறாவை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் காட்சி பார்ப்பவர் மூச்சை நிறுத்தும். உண்மை என்னவென்றால், அந்தத் தீவில் சுறா வேட்டை பல தலைமுறைக்கு முன்பே நின்றுபோயிருந்தது. படத்துக்காக அந்த மக்களுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். படத்தில் வரும் தாய், தந்தை, மகன் மூவரும் ஒரே குடும்பத்தவரும் அல்லர். கொந்தளிக்கும் கடலில் படகை ஓட்டியவர்கள் மட்டும் நிஜமாகவே உயிரைப் பணயம் வைத்தார்கள்.

இதைவிட மோசமானது 1958-இல் வந்த 'ஒயிட் வைல்டர்னஸ்' என்ற டிஸ்னி படம். லெம்மிங் என்ற எலியினம் கூட்டமாகக் குதித்துத் தற்கொலை செய்துகொள்கிறது என்று அதில் காட்டினார்கள். சிறந்த ஆவணப்படம் என்று ஆஸ்கார் பரிசும் பெற்றது. எலிகளை விலைக்கு வாங்கி வந்து படக்குழுவே தள்ளிவிட்டது என்பதைக் கனடா நாட்டுத் தொலைக்காட்சி 1982-இல் அம்பலப்படுத்தியது. ஆனாலும் லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படத்தில் சொன்ன பொய் புத்தகத்தில் சொன்னதைவிட நெடுநாள் நிற்கிறது; கண்ணால் பார்த்தோமே என்று ஜனங்கள் சொல்வார்கள்.

ஈத்தூண்டிலை உலகப் பிரசித்தமாக்கியது 1992-இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்'. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் பெற்ற படம். நடிகர்களுக்காகக் கயிறு வீசியவர்கள் கைதேர்ந்த தூண்டில்காரர்கள். எந்த மீனுக்கும் தீங்கு செய்யவில்லை என்று படத்தின் முடிவில் எழுத்தில் போட்டார்கள். அது கதைப்படம். கதைப்படத்தில் ஒருவருக்காக இன்னொருவர் வீசலாம். அதில் தவறே இல்லை. பார்க்கிறவருக்கும் அது கதை என்று தெரியும். ஆவணப்படத்தில் அந்தச் சலுகை கிடையாது.

நேர்மையாக உழைத்ததற்கும் உதாரணம் உண்டு, அதுவும் நம் பாரை மீனை வைத்தே! 2017-இல் வந்த பி.பி.சி.யின் 'ப்ளூ பிளானட் 2' தொடரில், பெரும் பாரை தண்ணீரிலிருந்து எகிறிப் பறக்கும் பறவையைப் பிடித்து விழுங்கும் காட்சி வருகிறது. இப்படி நடக்கிறது என்பது தூண்டில்காரர்கள் சொன்ன கதையாக மட்டும் இருந்தது. ஒரு புகைப்படம்கூட ஆதாரமாக இல்லை. படக்குழுவினர் அந்த வாய்வார்த்தையை நம்பிச் செஷல்ஸ் தீவுகளுக்குப் போய், காத்திருந்து, நிஜமாகவே நடப்பதைப் படம் பிடித்தார்கள். மீனவர் சொன்னதும் மெய்ப்பட்டது, உலகமும் வியந்தது.

ஃபீனிக்ஸ் பேயில் நடந்தது

ஃபீனிக்ஸ் பே எப்படிப்பட்ட இடம் என்று இந்த ஊர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் புறப்படும் துறை இது. ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று 2018-இல் பெயர் மாறிய ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் இங்கிருந்து போகலாம். பக்கத்தில் கப்பல் பழுது பார்க்கும் டாக்யார்ட். டீசல் வாசனை, கயிறு, துருப்பிடித்த சங்கிலி, மூட்டை முடிச்சு, தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி எல்லாம் கலந்த சத்தம்.

பிள்ளைகள் படத்துக்கு இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் சுற்றுலாப் படகில் வழிகாட்டியாக இருக்கும் நம் ஊர் இளைஞர். வெளிநாட்டு விருந்தினர் ஒருவரிடம் ஈத்தூண்டில் கற்றுக்கொண்டவர். இரவில் ஃபீனிக்ஸ் பேயில் தன் அறையில் வைஸ் ஒன்றை மேஜையில் பொருத்தி ஈ கட்டுகிறார். மற்றவர் ராமேசுவரம் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, நாற்பது வருடமாகக் கைத்தூண்டிலில் பிழைக்கும் பெரியவர். டுங்கியில் போவார், உடம்புக்கு முடியாத நாளில் கரையில் நின்று வீசுவார்.

அனுமதி பெற்ற ஓர் இடத்தில் மூன்று நாள் படப்பிடிப்பு. இளைஞர் அதிகாலையிலிருந்து வீசினார். ஒரு முறை பின்னால் ஒரு பாரை நிழலாகத் தொடர்ந்து வந்து திரும்பிவிட்டது. வேறு எதுவும் இல்லை. மூன்றாம் நாள் பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டது. பையன் ஒருவன் என் காதருகே வந்து, "மாமா, ஜங்லிகாட் மார்க்கெட்ல ஒரு பாரை வாங்கிடலாம். முள்ளுல மாட்டித் தண்ணிக்குள்ளே இருந்து தூக்கினா யாருக்குத் தெரியும்?" என்றான். நான் வாய் திறக்குமுன் ஒலிப்பதிவு செய்த பெண் கேட்டுவிட்டாள்: "நமக்குத் தெரியுமே, அப்புறம் எப்படிப் போட்டுக் காட்டுறது?"

அந்தப் பையன் மேல் குற்றமில்லை. வாடகைக்கு எடுத்த லென்ஸ் மறுநாள் திருப்பித் தர வேண்டும். மீன் இல்லாத மீன்படத்தை யார் பார்ப்பார்கள் என்ற பயம் நியாயமானதுதான். நான் அவனிடம் சொன்னது இது: ரயில்வேயில் கேங்மேன் தினம் தண்டவாளத்தைச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவான். பெரும்பாலான நாள் ஒன்றும் இருக்காது. 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதுதான் அவன் தரும் உண்மை. ஒன்றும் இல்லாத நாளில் விரிசல் என்று எழுதுகிறவனை, விரிசல் உள்ள நாளில் யார் நம்புவார்கள்? ஈத்தூண்டில்காரர் இறகைக் காட்டி மீனை ஏமாற்றுகிறார். அது விளையாட்டின் விதி. மீனை ஏமாற்றும் அந்தக் கைத்திறனைக் காட்ட வந்த நாம், பார்ப்பவரை ஏமாற்றினால் நம் படத்தில் வேறு என்ன மிஞ்சும்?

அவர்கள் பேசி முடிவுக்கு வந்தார்கள். 'மூன்று நாள், 11 மணி நேரம், மீன் இல்லை' என்று படத்தில் எழுத்துப் போடுவது. தொடர்ந்து வந்து திரும்பிய நிழலை நான்கு நொடி காட்டுவது. ஈ கட்டும் விரல்களுக்கு இரண்டு நிமிடம். வீச்சுக்கு இரண்டு நிமிடம். மீதி, காத்திருப்பு. சேர்த்துப் பார்த்தபோது எனக்கே வியப்பு. அந்த நான்கு நொடி நிழலுக்குத் திரையின் முன் இருந்தவர் எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள். மீனைத் தூக்கிக் காட்டியிருந்தால் இந்தப் பதைப்பு வந்திருக்குமா?

சில தொழில்நுட்பக் குறிப்புகள்

வெளிச்சம்: நம் தீவு கிழக்கே 92¾ டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. இந்திய நேரமோ 82½ டிகிரியை வைத்தது. வித்தியாசத்தை நான்கு நிமிடத்தால் பெருக்கினால் 41 நிமிடம். ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 11.20 மணிக்கு, மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின் ஆகும். காலை எட்டு மணி என்று சாவகாசமாக வந்தால் நல்ல வெளிச்சம் போய்விட்டிருக்கும். மே மாதத்தில் ஐந்து மணிக்கே காமிரா தயாராக இருக்க வேண்டும்.

கயிறு தெரிவது: வீச்சின் அழகு கயிற்றின் வளையத்தில் இருக்கிறது. ஆரஞ்சு அல்லது மஞ்சள் கயிறு வேண்டும். பின்னால் கருமையான மாங்குரோவோ நிழல் விழுந்த கரையோ இருக்க வேண்டும். சூரியன் கயிற்றுக்குப் பின்னால் இருந்தால் கயிறு தீக்கோடு போலத் தெரியும். வெள்ளை வானத்தின் முன் வீசினால் ஒன்றுமே தெரியாது.

வேகம்: முன்வீச்சு அரை நொடியில் முடிந்துவிடுகிறது. நொடிக்கு 25 பிரேம் எடுத்தால் நமக்கு மிஞ்சுவது பன்னிரண்டு படம். 100 பிரேம் எடுத்தால் 50 படம். வழக்கமான வேகத்தில் ஓட்டினால் அரை நொடி இரண்டு நொடியாகும். ஆனால் எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டினால் பார்ப்பவருக்கு உறக்கம் வரும். ஒரு முறை நிஜ வேகம், ஒரு முறை மெது வேகம், அவ்வளவு போதும்.

தண்ணீர்: போலரைசிங் ஃபில்டர் கட்டாயம். அது இல்லாவிட்டால் நீரின் மேல் வானம்தான் தெரியும், மீன் தெரியாது. மீன்கள் வருவதும் போவதும் ஓதத்தைப் பொறுத்தது. இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். ஓத அட்டவணை பார்க்காமல் படப்பிடிப்புத் தேதி குறிப்பது, டைம்டேபிள் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போவது போல.

ஒலி: காற்றுதான் எதிரி. மைக்குக்குப் பஞ்சுறை போட வேண்டும். கயிறு காற்றைக் கிழிக்கும் 'ஸ்ஸ்' என்ற ஒலி, ரீல் சுற்றும் ஒலி, டுங்கியின் என்ஜின், துறைமுகக் கப்பலின் சங்கு இவற்றைத் தனித்தனியே ஐந்தைந்து நிமிடம் பதிந்துகொள்ள வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில் பதிந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். இதிலும் நேர்மை வேண்டும். வேறு படத்திலிருந்து எடுத்த கடல் சத்தம் வேண்டாம். நம் கடலுக்கு என்ன குறை?

சிக்கனம்: அந்தக் காலத்து 16 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடம்தான் ஓடும். அதனால் யோசித்து எடுத்தார்கள். இன்று மெமரி கார்டு இருக்கிறது என்று பிள்ளைகள் மணிக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறார்கள். பத்து நிமிடப் படத்துக்குப் பத்து மணி நேரம் எடுத்தால் ஒன்றுக்கு அறுபது. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் போய்விடும்.

அனுமதியும் ஜாக்கிரதையும்

துறைமுகமும் கடற்படைப் பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஊர் இது. ஜெட்டியில் காமிரா ஸ்டாண்டை விரிக்கும் முன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். டிரோன் பறக்கவிடுவது தனி அனுமதி. அதை விளையாட்டாக எண்ணக்கூடாது. வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் மீன் பிடிப்பதற்கே தடை. அங்கே தூண்டில் வீசிப் படம் எடுத்தால் அந்தப் படமே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

பழங்குடியினர் ஒதுக்கிடங்களின் பக்கமே காமிராவைத் திருப்பக்கூடாது. ஜாரவா மக்களை ஆடவைத்து எடுத்த வீடியோ 2012-இல் வெளியாகி, உலகத்தின் முன் நாம் தலைகுனிந்தோம். அந்த ஆண்டே 1956-ஆம் வருடத்துப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. படமெடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, அவர்கள் நம் படத்துக்குப் பாத்திரங்கள் அல்லர் என்ற மரியாதைக்காகவும் விலகி நிற்க வேண்டும்.

இன்னொன்று, உவர்நீர் முதலை. கழிமுகத்திலும் மாங்குரோவிலும் முழங்கால் நீரில் நின்று நல்ல 'ஷாட்' தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கவே கூடாது. ரயில்வேயில் 'காஷன் ஆர்டர்' கொடுத்த இடத்தில் வேகம் காட்டுகிறவன் டிரைவரே அல்ல.

பெரியவர் கேட்ட கேள்வி

ஈத்தூண்டில்காரர்கள் பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிடுவது வழக்கம். முள்ளின் பின்னோக்கிய கொக்கியை நசுக்கிவிட்டால் எளிதாகக் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான மேல்பூச்சை எடுத்துவிடும். தண்ணீரை விட்டு அதிக நேரம் தூக்கி வைக்கக்கூடாது. மீனைத் தூக்கும்போது நாமும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள். நமக்கு முட்டும்போது மீனுக்கும் முட்டும் என்பது கணக்கு. படம் எடுப்பவர் 'இன்னொரு தடவை தூக்குங்க' என்று கேட்கவே கூடாது. அந்த இன்னொரு தடவையில்தான் மீன் செத்துப்போகும்.

இதையெல்லாம் பிள்ளைகள் கைத்தூண்டில் பெரியவரிடம் விளக்கினார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புடிச்ச மீனை விடுறதுன்னா, எதுக்குத் தம்பி புடிக்கணும்?" என்று கேட்டார். பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வழிகாட்டி இளைஞர் மெல்லச் சொன்னார்: "தாத்தா, அதே மீனை அடுத்த வருஷமும் காட்டினால்தான் எனக்குச் சம்பளம்." பெரியவர் நரம்பைச் சுற்றிக்கொண்டே, "அப்ப உனக்கும் பொழப்புதான். எனக்கு மாதிரியே" என்றார்.

இந்த உரையாடல் எந்தத் திட்டத்திலும் இல்லை. காமிரா ஓடிக்கொண்டிருந்தது; அவ்வளவே. எடிட்டிங்கின்போது பெரியவரின் கேள்வியை எடுத்துவிடலாம், படத்தின் 'செய்தி'க்கு அது இடைஞ்சல் என்று ஓர் யோசனை வந்தது. என் கருத்தைக் கேட்டார்கள். வைத்திருங்கள் என்றேன். மீனை விடுவது நல்லது என்பவருக்கும், உண்ணாத மீனைத் துன்புறுத்துவது எதற்கு என்பவருக்கும் அவரவர் நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பெருந்தொகை கொடுத்துத் தூண்டில் போட வருகிறவரும், அன்றைய அரிசிக்குத் தூண்டில் போடுகிறவரும் ஒரே கடலில்தான் நிற்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இருவரையும் ஒரே சட்டத்துக்குள் காட்டினால் போதும். தீர்ப்பைப் பார்ப்பவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

படம் முடிந்ததும் முதலில் பெரியவருக்கும் இளைஞருக்கும் போட்டுக் காட்டவேண்டும் என்று பிள்ளைகளிடம் உறுதி வாங்கியிருக்கிறேன். அவர்கள் 'இது வேண்டாம்' என்று சொல்லும் பகுதியை நீக்கவேண்டும். முகத்தையும் நேரத்தையும் இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா?

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

1978-இல் வந்த 'அந்தமான் காதலி', 1996-இல் வந்த 'சிறைச்சாலை' என்று நம் தீவைப் பெரிய சினிமா தேடி வந்தது. அவர்கள் எடுத்தது கதை. இங்கே தினமும் நடக்கும் வாழ்க்கையை எடுக்க நம்மை விட்டால் ஆள் யார்? ஃபீனிக்ஸ் பேயை ஒரு சுற்றுச் சுற்றினால் பத்துப் படத்துக்கு விஷயம் இருக்கிறது. டாக்யார்டில் வெல்டிங் செய்பவர், கப்பல் டிக்கெட்டுக்கு அதிகாலையில் வரிசையில் நிற்கும் டிக்லிபூர் தாய், டுங்கியின் பலகை இடுக்கை அடைக்கும் தச்சர், 1883-இலிருந்து மரம் அறுத்த சாத்தாம் ஆலையின் கதையைச் சொல்லக்கூடிய வயோதிகர்கள். இவர்களில் யாரிடமும் பெரிய மீன் இல்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு கைத்திறன் இருக்கிறது. அந்தக் கையைக் காட்டுங்கள். அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் காமிராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் படிப்புக் கெட்டுவிடும் என்று கவலைப்பட வேண்டாம். ஓதக் கணக்கு, ஒளிக் கணக்கு, கயிற்றின் எடைக் கணக்கு எல்லாம் அங்கே தானாக வருகிறது. அதோடு, ஒரு பெரியவரின் அருகே மூன்று மணி நேரம் பேசாமல் உட்காரும் பழக்கமும் வருகிறது. அதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடத்திட்டம் கிடையாது.

இப்படி எடுத்த படம் எதுவானாலும், சங்கத்து நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில் எடுத்தது, எது நேரில் நடந்தது, எது கேட்டுக்கொண்டு செய்யச் சொன்னது என்று ஒரு தாளில் எழுதி அதோடு இணைத்து வையுங்கள். ஐம்பது வருடம் கழித்து யாராவது நம் கடலில் என்ன மீன் இருந்தது, யார் எப்படிப் பிடித்தார்கள் என்று தேடி வந்தால், அந்தத் தாளை நம்பி அவர்கள் படத்தைப் பார்க்கலாம்.